மிகையும் முரணும்

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத நேர்ந்தால் நம்மில் பலர் அஞ்சுவது இலக்கணத்துக்கே. வினைச்சொல்லின் காலம் பிழைத்துவிடுமோ, 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'தி' வந்துவிட்டதோ என்று தயங்குகிறோம். இந்த அச்சம் நல்லதே. ஆயினும் இலக்கணம் சரியாக அமைந்த வாக்கியத்திலும் இரு குறைகள் ஒளிந்திருக்கக் கூடும். சொன்னதையே வேறொரு சொல்லால் மறுபடியும் சொல்லும் மிகை ஒன்று. ஒரு சொல் கட்டியதை இன்னொரு சொல் இடித்துத் தள்ளும் முரண் மற்றொன்று. இவ்விரண்டையும் குறித்து இம்மாதம் சிந்திப்போம்.

இது வெறும் நடையழகைப் பற்றிய பேச்சன்று. வேலைக்கான விண்ணப்பம், கல்லூரியில் இடம் கேட்டு எழுதும் கடிதம், வங்கி மேலாளருக்குக் கொடுக்கும் மனு, மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அறிவிப்பு என எத்தனையோ எழுத்துகளை நம் குடும்பங்கள் ஆங்கிலத்திலேயே கையாள வேண்டியுள்ளது. நேரில் பேசும்போது கேட்பவர் விழித்தால் உடனே திருத்திச் சொல்லிவிடலாம். தாளில் எழுதிய சொல்லுக்கு அந்த வாய்ப்பில்லை. எங்கோ ஒரு மேசையில் நம்மை அறியாத ஒருவர் அதைப் படிக்கிறார். அவருக்கு நம்மைக் காட்டுவது அந்தச் சொற்கள் மட்டுமே.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கலாகாத குற்றங்கள் பத்து என வகுக்கிறது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகிய மூன்றும் அப்பத்தில் அடங்கும். தமிழில் குற்றமென்று நாம் அறிந்திருப்பதை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் செய்கிறோம்? தாய்மொழியில் நம் செவியே நமக்குக் காவல். பிறமொழியில் அக்காவல் இல்லை. கடன் வாங்கிய சொல்லின் பொருள் முழுமையாக நம்மிடம் வந்து சேராதபோது, அதற்குத் துணையாக இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம். 'நடு சென்டர்' என்றும், 'கேட்டுக் கதவு' என்றும், 'ஷாப்புக்கடை' என்றும் தெருவில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா? ஆங்கிலச் சொல் தன் பொருளை உணர்த்தாததால் தமிழ்ச் சொல் அருகில் வந்து கைகொடுக்கிறது. இதே செயல்தான் நம் ஆங்கில வாக்கியங்களிலும் நிகழ்கிறது.

சொல்லுக்குள் அடங்கிய சொல்

'ரிட்டர்ன்' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கத்திலுள்ள 'ரி' என்னும் சிறு உறுப்பு இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'திரும்ப' அல்லது 'மறுபடி' என்பது அதன் பொருள். ஆகவே 'ரிட்டர்ன்' என்றாலே திருப்பித் தருதல் ஆகிவிடுகிறது. 'ரிட்டர்ன் தி புக் பேக்' என்று எழுதும்போது, 'புத்தகத்தைத் திரும்பத் திருப்பிக் கொடு' என்றே சொல்கிறோம். 'ரிப்ளை பேக்', 'ரிவர்ட் பேக்' ஆகியவையும் இவ்வகையினவே. 'ரிப்பீட் அகெய்ன்' என்பதும் பெரும்பாலும் மிகைதான். ஏற்கெனவே ஒரு முறை திரும்பச் சொன்னவரை இன்னொரு முறையும் சொல்லுமாறு வேண்டினால் மட்டும் 'அகெய்ன்' அங்கே தன் வேலையைச் செய்கிறது.

அடுத்து, 'டிஸ்கஸ் அபௌட்'. நம்மவர் நாவிலும் பேனாவிலும் இதைப்போல் நிலைபெற்ற தொடர் வேறு உண்டோ என ஐயுறலாம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கே 'ஒன்றைக் குறித்துப் பேசு' என்பது பொருள். 'குறித்து' என்பது அதனுள்ளேயே அடங்கிவிட்டதால் 'அபௌட்' வேண்டுவதில்லை. 'வீ டிஸ்கஸ்டு தி பிராப்ளம்' என்பதே போதும். 'மென்ஷன்' என்பதற்கும் இதே விதி. 'அவெய்ட்' என்பதனுள் 'ஃபார்' அடங்கியுள்ளது. அறைக்குள் நுழைவதைச் சொல்லும் 'என்டர்' என்பதனுள் 'இன்டு' அடங்கியுள்ளது. ஆனால் 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக வரும்போது 'அபௌட்' சேரலாம். ஒப்பந்தம் செய்வதைக் குறிக்கும்போது 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்பதே சரியான வழக்கு. ஆகவே ஒரு சொல்லைக் கண்மூடி நீக்கிவிடுதலும் கூடாது. அது அவ்விடத்தில் என்ன செய்கிறது என்று பார்த்த பின்பே நீக்க வேண்டும்.

சில மிகைகள் இலக்கணப் பிழையாகவே முடிந்துவிடுகின்றன. 'பெட்டர்' என்றாலே 'மேலும் நல்லது'. அதன் முன் 'மோர்' எதற்கு? 'டிட்' என்பது இறந்த காலத்தைக் காட்டிவிட்டது. 'டிட் நாட் வென்ட்' என்று அதே காலத்தை மறுபடியும் ஏன் காட்ட வேண்டும்? 'கேன்' என்பதும் 'ஏபிள்' என்பதும் இயலும் என்றே பொருள்படுவன. 'ஐ கேன் ஏபிள் டு டூ' என்று எழுதுபவர் 'என்னால் செய்ய முடிய முடியும்' என்கிறார். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' என்று சேர்ப்பதும், 'பிகாஸ்' என்று தொடங்கிவிட்டுப் பின்பு 'ஸோ' என்று சேர்ப்பதும் இத்தகையனவே. 'மழை பெய்தபோதிலும், ஆனால் அவர் வந்தார்' என்று தமிழில் யாரும் எழுதார். அந்தத் தமிழ்ச் செவியையே ஆங்கிலத்துக்கும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ஐயம் எழும்போது வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பாருங்கள். மிகை தானே வெளிப்படும்.

எழுத்துக்குள் மறைந்த சொல்

சுருக்கப் பெயர்களில் இக்குறை எளிதில் புகுந்துவிடுகிறது. 'ஏ.டி.எம். மெஷின்' என்கிறோம். அந்த 'எம்' என்பதே 'மெஷின்' தான். 'பின் நம்பர்' என்பதில் இறுதியாக நிற்கும் 'என்' எழுத்து 'நம்பர்' என்பதன் சுருக்கம். 'எச்.ஐ.வி. வைரஸ்' என்பதில் 'வி' என்பது 'வைரஸ்'. நம் அடுப்படியிலுள்ள 'எல்.பி.ஜி. கேஸ்' என்பதில் 'ஜி' என்பது 'கேஸ்'. இத்தகைய வழக்கு ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும் உண்டு. எழுத்துகள் சுருங்கிச் சுருங்கித் தனிச்சொல்லாகவே ஆகிவிட்டபின் அவற்றின் விரிவு மறந்துபோவது எல்லா மொழியினருக்கும் இயல்பே. பேச்சில் இவற்றைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. விண்ணப்பத்திலும் தேர்விலும் எழுதும்போது மட்டும் ஓர் எழுத்தின் விரிவை எண்ணிப் பார்த்துக்கொள்வது நலம்.

பணிவு வேறு, மிகை வேறு

நம்மவர் ஆங்கிலக் கடிதங்களில் மிகை பெருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பணிவு. சொற்கள் கூடினால் மரியாதையும் கூடும் என்று எண்ணுகிறோம். 'ப்ளீஸ் கைண்ட்லி' என்று இரு வேண்டுகோள் சொற்களை அடுக்குகிறோம். 'என்குளோஸ்டு ஹியர்வித்' என்று, உள்ளே வைத்ததை 'இத்துடன்' என்றும் சேர்த்துச் சொல்கிறோம். தமிழில் 'வாருங்கள்', 'வந்தருள்க' என வினைமுற்றிலேயே மரியாதையை அமைக்க முடிகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி இல்லாததால் சொற்களைக் குவித்து ஈடுசெய்ய முயல்கிறோம். ஆனால் ஒரு 'ப்ளீஸ்' போதும். படிப்பவரின் நேரத்தை வீணாக்காமல் செய்தியைத் தெளிவாகச் சொல்வதே அம்மொழியில் பெரிய மரியாதை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அலுவலக ஆங்கிலம் பிரிட்டனிலேயே சுமையாகிவிட்டிருந்தது. அந்நாட்டு நிதியமைச்சகம் தன் அலுவலர்கள் தெளிவாக எழுத வேண்டுமென்று விரும்பி, அரசுப்பணியில் நெடுங்காலம் இருந்த சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்பவரிடம் ஒரு கையேடு எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டது. 'பிளெய்ன் வேர்ட்ஸ்' என்னும் அந்நூல் 1948-இல் வெளிவந்தது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1926-இல், ஃபௌலர் என்னும் அறிஞர் ஆங்கிலச் சொல் வழக்குகளை ஆராய்ந்து ஓர் அகராதி வெளியிட்டிருந்தார். தாய்மொழியினருக்கே இத்தகைய நூல்கள் தேவைப்பட்டன என்றால், பிறமொழியாக அதைக் கற்கும் நாம் வெட்கப்பட ஏதுமில்லை, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் வீடுகளில் மூத்தோர் பலருக்குத் தந்தி என்பது நினைவிருக்கும். சொல் கூடக் கூடக் கட்டணமும் கூடியதால், எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தனர். இந்தியாவில் அச்சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. இன்று கைப்பேசியில் எத்தனை சொல் எழுதினாலும் செலவு மிகுவதில்லை. ஆகவே அந்தக் கட்டுப்பாட்டை நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மிகையெல்லாம் குற்றமா?

அல்ல. 'உயர்ந்தோங்கிய மலை' என்கிறோம்; 'நடுமையம்' என்கிறோம். ஒரே பொருள் தரும் இரு சொற்கள் இணைந்து சிறப்புத் தருமானால் அதனை ஒருபொருட் பன்மொழி எனத் தமிழிலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் இத்தகைய இணைகள் உண்டு. அவற்றுள் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆள்வோர் பேசியது பிரெஞ்சு, மக்கள் பேசியது ஆங்கிலம், ஆவணங்களில் இலத்தீன். நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமென்ற சட்டம் மூன்றாம் எட்வர்டு அரசரின் காலத்தில், 1362-இல்தான் வந்தது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது! இந்த மும்மொழிச் சூழலில் ஒரே பொருளுக்கு இரு மொழிச் சொற்களை இணைத்து எழுதும் பழக்கம் சட்டத்தில் வேரூன்றியது. நம் குடும்பங்களில் உயில் எழுதும்போது காணும் 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பதில் 'வில்' ஆங்கிலம், 'டெஸ்டமென்ட்' இலத்தீன். 'குட்ஸ் அண்ட் சேட்டல்ஸ்' என்பதில் முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு. எனவே வழக்கறிஞர் எழுதிய பத்திரத்தில் இத்தகைய இணையைக் கண்டால் அதைப் பிழையென்று அடித்துவிட வேண்டாம். ஆனால் விடுப்புக் கடிதம் எழுதும் மாணவனுக்கு அந்த நடை வேண்டுவதில்லை.

கட்டுவதும் இடிப்பதும்

மிகை படிப்பவரைச் சலிப்படையச் செய்யும். முரணோ அவரைத் தவறான வழியிலேயே அனுப்பிவிடும். ஆகவே இதில் நமக்குக் கூடுதல் விழிப்பு வேண்டும்.

'ஒரிஜினல் காப்பி' என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். 'ஒரிஜினல்' என்றால் மூலம். 'காப்பி' என்றால் படி. சான்றிதழின் 'ஒரிஜினல் காப்பி' அனுப்புக என்று ஓர் அறிவிப்புக் கூறினால், விண்ணப்பிப்பவர் எதை அனுப்புவார்? மூலச் சான்றிதழையே அஞ்சலில் அனுப்பி, அது வழியில் காணாமற்போனால் அவர் படும் துன்பத்துக்கு அளவில்லை. படியை அனுப்பினால் விண்ணப்பம் தள்ளப்படலாம். ஒரு சொல்லைக் குறைத்திருந்தால் இத்தொல்லை இல்லை. 'ட்ரூ காப்பி' என்பது வேறு. அது மூலத்தோடு ஒத்த படி எனப் பொருள்படும். அதில் முரண் இல்லை.

'கசின் பிரதர்' என்பது நம் நாட்டுக்கே உரிய தொடர். பெற்றோருடன் பிறந்தவர்களின் மக்கள் யாவரையும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, ஆங்கிலத்தில் 'கசின்' என்பர். அவர் 'பிரதர்' ஆகார் என்பதே அச்சொல்லின் உட்பொருள். நமக்கோ பெரியப்பா மகன் அண்ணன்தான். சித்தி மகன் தம்பிதான். ஆகவே நம் உறவுமுறைக்கு ஏற்ப 'பிரதர்' என்று சேர்த்துக்கொண்டோம். ஆனால் மாமன் மகனையும் அத்தை மகனையும் 'கசின் பிரதர்' என்னும்போது நம் உறவுமுறைக்கே அது முரணாகிவிடுகிறது! நமக்குள் பேசும்போது இது நிற்கட்டும். அயல்நாட்டுப் பயண விண்ணப்பத்திலோ காப்பீட்டுப் படிவத்திலோ உறவைக் குறிக்கும்போது 'பிரதர்' என்பதும் 'கசின்' என்பதும் வெவ்வேறு உறவுகள் என்பதை மறக்கலாகாது.

எதிர்மறைச் சொற்கள் இரண்டு சேரும் இடத்தில் முரண் எளிதில் நுழைகிறது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் சாசர், அழுத்தம் கருதி ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று எதிர்மறைகளைப் பெய்ததுண்டு. அக்காலத்தில் அது வழுவன்று. ஆனால் இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'ஐ டோன்ட் ஹேவ் நோ அப்ஜெக்ஷன்' என்று எழுதினால், 'எனக்கு மறுப்பு இல்லாமல் இல்லை' என்றும் கொள்ள இடமாகிறது. இசைவு தெரிவிக்கும் கடிதத்தில் இப்படி எழுதலாமா? 'ஐ ஹேவ் நோ அப்ஜெக்ஷன்' என்பதே தெளிவு.

'இட்ஸ் இம்பார்ட்டன்ஸ் கேனாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்' என்ற வாக்கியம் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி வருகிறது. 'இதன் சிறப்பை எவ்வளவு குறைவாக மதித்தாலும் தகும்' என்பதே அதன் நேர்ப்பொருள். பாராட்ட எழுந்தவர் இழித்துரைத்து அமர்ந்தது போலாகிறது. 'கேனாட்' என்பதற்குப் பதில் 'ஷுட் நாட்' என்று எழுதிவிட்டால் கருத்து நேராகிவிடும்.

இதனினும் வியப்பான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. லண்டன் மருத்துவமனை ஒன்றின் சுவரில் இருந்ததாகச் சொல்லப்படும் அறிவிப்பு இது: 'நோ ஹெட் இன்ஜுரி இஸ் டூ டிரிவியல் டு பி இக்னோர்டு'. 'எந்தத் தலைக்காயத்தையும் அற்பமென்று புறக்கணிக்காதீர்' என்று சொல்லவே எழுதியவர் கருதினார். படிப்பவரும் அப்படியே புரிந்துகொள்கிறார். ஆனால் சொற்கள் சொல்வது வேறு. இதே அமைப்பில் 'இக்னோர்டு' என்பதற்குப் பதில் 'ட்ரீட்டட்' என்று வைத்துப் பாருங்கள். 'எவ்வளவு அற்பமான தலைக்காயமானாலும் அதற்குச் சிகிச்சை அளிக்கலாம்' என்று பொருள் வரும். அவ்வாறாயின் 'இக்னோர்டு' என்று இருக்கும்போது, 'எவ்வளவு அற்பமானாலும் அதைப் புறக்கணிக்கலாம்' என்றல்லவா பொருள் வருகிறது! பீட்டர் வேசன், ஷூலி ரீக் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் 1979-இல் இவ்வாக்கியத்தை ஆராய்ந்து, இதனைச் சொல்லால் விளையும் ஒரு மாயத்தோற்றம் என்றே அழைத்தனர். 'நோ', 'டூ', 'டிரிவியல்', 'இக்னோர்' என எதிர்மறைச் சாயல் கொண்ட நான்கு சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டதால் அறிவு களைத்து, கருதிய பொருளையே கண்டதாக எண்ணிவிடுகிறது. 'எவ்ரி ஹெட் இன்ஜுரி மஸ்ட் பி எக்ஸாமின்டு' என்று எழுதியிருந்தால் குழந்தைக்கும் விளங்கியிருக்கும்.

தனிச்சொல்லே முரணாகத் தோன்றுவதும் உண்டு. எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரியில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருந்தால், முன்னே நிற்கும் 'இன்' என்பதை எதிர்மறையாகக் கருதி, தீப்பற்றாதது என்று எண்ணிவிடலாகாது. எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். இந்த மயக்கத்தால் உயிருக்கே கேடு வரலாம் என்பதால் தீப்பாதுகாப்பில் 'ஃபிளேமபிள்' என்னும் சொல்லே விரும்பப்படுகிறது. 'சாங்ஷன்' என்பது ஓரிடத்தில் அனுமதி, மற்றோரிடத்தில் தண்டனை. கூட்டத்தில் ஒரு பொருளை 'டேபிள்' செய்வது என்றால் ஆங்கிலேயருக்கு அதை உடனே விவாதத்துக்கு எடுத்தல். அமெரிக்கருக்கு அதை ஒத்திவைத்தல். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கருத்துடையவராக இருந்தும், இச்சொல்லால் நெடுநேரம் வாதிட்டதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் குறித்துள்ளார். இத்தகைய சொற்களைக் கையாளும் இடத்தில் அருகில் ஒரு விளக்கச் சொல் சேர்ப்பது மிகையாகாது. அங்கே அதுவே தேவை.

வீட்டில் செய்யத்தக்கது

எழுதி முடித்ததும் கடிதத்தை உரத்துப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இச்சொல்லை நீக்கினால் பொருள் குறைகிறதா? இவ்வாக்கியத்தில் இரு சொற்கள் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? எதிர்மறைகள் இரண்டுக்கு மேல் உள்ளனவாயின், உடன்பாடாக மாற்றி எழுதலாகாதா?

பிள்ளைகளுடன் அமர்ந்து கீழ்க்காணும் நான்கு வாக்கியங்களையும் திருத்திப் பாருங்கள்.

1. தி மீட்டிங் இஸ் போஸ்ட்போன்டு டு எ லேட்டர் டேட்.
2. ஈச் அண்ட் எவ்ரி மெம்பர் மஸ்ட் கம்பல்சரிலி அட்டெண்ட்.
3. ஐ ஹார்ட்லி நோ நோபடி ஹியர்.
4. தி டெசிஷன் வாஸ் யுனானிமஸ் பை மெஜாரிட்டி.

முதலாவதில் 'போஸ்ட்போன்' என்றாலே பின்தள்ளுதல் ஆதலின் 'டு எ லேட்டர் டேட்' வேண்டுவதில்லை. புதிய நாளைக் குறிப்பிட்டால் பயனுண்டு. இரண்டாவதில் 'எவ்ரி மெம்பர் மஸ்ட் அட்டெண்ட்' போதும். மூன்றாவதில் 'ஹார்ட்லி' என்பதே எதிர்மறைச் சாயலுடையது. 'நோபடி' என்பதை 'எனிபடி' என மாற்றுக. நான்காவது முரண், எல்லாரும் ஒருமித்திருந்தால் 'யுனானிமஸ்', பெரும்பான்மையோர் மட்டும் இசைந்திருந்தால் 'பை மெஜாரிட்டி'. எது நடந்ததோ அதை மட்டும் எழுதுக.

பிழையாக எழுதுபவரைக் கண்டு நகைப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பிறமொழியில் எழுதத் துணிகிற எவரும் மதிப்புக்குரியவரே. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழைச் சொல் சொல்லாகக் கற்று, 1732-இல் சதுரகராதியை நமக்குத் தொகுத்தளித்தார். நமது மொழிக்கு அவர் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும் நாம் கற்கும் மொழிக்குக் காட்டலாம். வீட்டில் ஓர் ஆங்கில அகராதி இருக்கட்டும். அது அலமாரியில் உறங்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தெரிந்த சொல்தானே என்று நாம் தாண்டிச் செல்லும் சொல்லையே முதலில் அதில் தேடிப் பார்ப்போம்.